பினாங்கில் ஓர் இரவு, ஆறு நண்பர்கள்: எந்தத் தெருவில் உண்பது?

பள்ளியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஆறு பேர் ஆண்டுக்கு ஒருமுறை பினாங்கில் கூடுகிறோம். இரண்டு நாள் தங்கினாலும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து உண்ண வாய்ப்பது ஓர் இரவுதான். ஆகவே அந்த ஒரு வேளையை எந்தத் தெருவில் கழிப்பது என்ற கேள்வி, பேருந்துக்குச் சீட்டு எடுப்பதற்கு முன்பே ஒவ்வோர் ஆண்டும் எழுந்துவிடுகிறது. எங்களில் ஒருவர் மலாய்க்காரர். ஒருவர் தமிழ் முஸ்லிம். ஒருவர் ஹொக்கியன் சீனர், குவான் யின் அம்மனை வழிபடும் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் மாட்டிறைச்சியைத் தொடாதவர். ஒருவர் பிறந்ததிலிருந்தே சைவம். எஞ்சிய இருவர், என்னையும் சேர்த்து, மாட்டிறைச்சி நீங்கலாக எதையும் உண்பவர்கள். மலேசியாவில் இப்படி ஒரு மேசை அமைவது அரிதன்று. ஆனால் நமக்குக் கிடைக்கும் உணவுப் பரிந்துரைகள் பெரும்பாலும் தனியாகச் சுற்றுகிற, எதையும் உண்கிற ஒருவரை மனத்தில் வைத்துச் சொல்லப்படுகின்றன. அவற்றை நம்பிப் போன கூட்டத்தில் யாரேனும் ஒருவர் வெறும் கரும்புச் சாற்றுடன் உட்கார்ந்திருக்க நேர்கிறது.

எங்கள் முன் இருந்த வழிகள் நான்கு: மெக்காலிஸ்டர் சாலையிலிருந்து பிரியும் லோரோங் பாரு, அதாவது நியூ லேன், பழைய நகரின் நடுவே ஓடும் சூலியா தெரு, கடலோரத்துக் கர்னி டிரைவ் உணவங்காடி, குடியிருப்புப் பகுதிகளில் முறைவைத்துக் கூடும் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை. பத்து ஃபெரிங்கியின் இரவுச் சந்தையை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அது உடைகளுக்கும் கைப்பைகளுக்கும் நினைவுப் பொருள்களுக்குமான சந்தை; உணவுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

எந்த இடத்தில் சுவை அதிகம் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் முடிவுக்கு வர இயலாது என்பது என் அனுபவம். பினாங்கின் அங்காடிக் கடைகளின் தரம் அந்த அளவுக்கு நெருக்கமானது. அங்காடி உணவின் கைப்பக்குவம் உள்ளூரிலேயே நிற்க வேண்டும் என்பதற்காக, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இக்கடைகளில் முதன்மைச் சமையல்காரராக இருக்கக் கூடாது என்று மாநில அரசு 2014-இல் அறிவித்து 2016 முதல் நடைமுறைப்படுத்தியது. அந்த அளவுக்கு இந்த ஊர் தன் உணவைக் காத்துக்கொள்கிறது. 2022 டிசம்பரில், சிறந்த உணவிடங்களைப் பட்டியலிடும் மிஷெலின் வழிகாட்டி முதன்முறையாகக் கோலாலம்பூரையும் பினாங்கையும் சேர்த்து வெளியான பிறகு, பெயர் இடம்பெற்ற கடைகளில் வரிசை நீண்டது. ஆறு பேர் அந்த வரிசையில் நின்றால் இரவின் பாதி அதிலேயே கழிந்துவிடும். எனவே நான் வேறு மூன்றைக் கேட்கிறேன். ஆறு பேரும் ஒரே மேசையில் உட்கார முடியுமா? ஒரு தட்டை எத்தனை பேர் பகிர முடியும்? மிகக் குறைவாக உண்ணக்கூடிய நண்பருக்கு அங்கே எத்தனை உணவு இருக்கிறது? இவற்றுள் மூன்றாவதே எனக்கு முதன்மையானது.

நியூ லேனில் தொடங்குகிறேன், ஏனென்றால் என் நாக்கு எப்போதும் அங்கேதான் இழுக்கிறது. பகலில் எந்தச் சிறப்பும் இல்லாத அந்தக் குறுந்தெருவில் மாலையானதும் தள்ளுவண்டிகள் வந்து நிற்கின்றன. மடக்கு மேசைகளும் பிளாஸ்டிக் முக்காலிகளும் சாலையோரம் விரிகின்றன. வாகனங்கள் மனிதர்களுக்கு நடுவே ஊர்ந்து செல்ல வேண்டிய நிலை விரைவிலேயே வந்துவிடும். அங்கே முதலில் சொல்ல வேண்டியது சார் குவே தியாவ். பட்டையான அரிசி மீயை (நூடுல்ஸை), இறாலும் கெராங் சிப்பியும் முட்டையும் தாவ்கே என்னும் முளைப்பயறும் குச்சாய்த் தழையும் சேர்த்து, மிளகாய் விழுதும் கிச்சாப்பு என்னும் சோயாச் சாறும் விட்டு, கொழுந்துவிட்டு எரியும் தீயில் குவாலி என்னும் இரும்பு வாணலியில் சில நிமிடங்களுக்குள் வதக்கி எடுக்கும் உணவு அது. அதன் உயிர் அந்தத் தீயில் இருக்கிறது. குவாலி கடுஞ்சூட்டில் இருக்கும்போது மட்டுமே மீ கருகாமலும் குழையாமலும் அந்தப் புகைமணத்தைப் பெறும். குவாலியில் அளவைக் கூட்டினால் சூடு தணிந்து, மீ வறுபடுவதற்குப் பதில் வேகத் தொடங்கிவிடும் என்பதால், நல்ல கடைக்காரர் ஒரு நேரத்தில் ஒரு தட்டு அல்லது இரண்டு தட்டுக்கு மேல் போடமாட்டார்.

கூட்டமாகச் செல்பவர்கள் இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் நியூ லேனில் பாதிச் சிக்கல் தீரும். ஆறு பேரும் ஆளுக்கொரு தட்டு சொன்னால், முதல் தட்டு வந்து ஆறிய பின்னரே ஆறாவது தட்டு வரும். இரண்டு தட்டு மட்டும் சொல்லி, அது தயாராகும் நேரத்தில் மற்றவர்கள் வேறு கடைகளுக்குப் பிரிந்து செல்ல வேண்டும். ஒருவர் சிப்பி முட்டைப் பொரியலான ஓ சியென்னுக்கும், ஒருவர் அரிசிக் கட்டியைத் துண்டாக்கி வதக்கும் சார் குவே காக்குக்கும், இன்னொருவர் குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியான சத்தேக்கும் போகலாம். பினாங்கில் ஒரு தட்டின் அளவு சிறியது; இரவொன்றில் நான்கைந்து வகையைச் சுவைப்பதற்கு ஏற்ற அளவு அது. சீ சோங் ஃபன் என்னும் அரிசிச் சுருளுக்கு இங்கே ஊற்றும் சாந்து, ஹே கோ என்னும் இனிப்பும் உப்பும் கலந்த கருநிற இறால் கூழும், நிலக்கடலை விழுதும், மிளகாய்ச் சாந்தும் சேர்ந்தது. மேலே எள் தூவுவார்கள். ஒரே ஒரு உணவை வைத்துப் பினாங்கின் நாக்கை விளக்கச் சொன்னால் நான் அதையே எடுத்துக் காட்டுவேன்.

இவ்வளவு இருந்தும் ஆறு பேரின் மேசையாக நியூ லேனை நான் இனித் தேர்ந்தெடுக்க மாட்டேன். சார் குவே தியாவின் மணத்துக்குப் பல கடைகளில் காரணமாக இருப்பது பன்றிக்கொழுப்பு. அதே குவாலி, அதே சட்டுவம், அதே தட்டு. எங்கள் முஸ்லிம் நண்பர்கள் இருவராலும் அந்தத் தெருவில் பெரும்பாலானவற்றை உண்ண முடியாது. இறாலையும் பெலாச்சான் என்னும் இறால் விழுதையும் ஹே கோவையும் நீக்கிவிட்டால் சைவ நண்பருக்கும் ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் பிடிவாதமாக அழைத்துப் போன இரவில், அவர்கள் மூவரும் எங்களுடன் சிரித்துப் பேசிக்கொண்டே பானங்களை மட்டும் அருந்தினார்கள்; விடுதிக்குத் திரும்பும் வழியில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடையில் ரொட்டி சானாய் வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மேசையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் உறுத்துகிறது. எதையும் உண்ணும் இரண்டு மூன்று பேருக்கு, மழையில்லாத இரவில், நியூ லேனுக்கு நிகரான இடம் பினாங்குத் தீவில் இல்லை என்றே நான் கருதுகிறேன். என் பரிந்துரை அந்த எல்லைக்குள் மட்டுமே நிற்கிறது.

சூலியா தெருவின் பெயரிலேயே நம் வரலாறு இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வாணிகத்துக்கு வந்த தமிழ் முஸ்லிம்களைச் சூலியர் என்று அழைத்தார்கள். அவர்களுடைய தலைவர் காதர் மைதீன் மரைக்காயர் 1801-இல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இத்தெருவுக்கு அருகிலேயே நிற்கிறது. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஜார்ஜ்டவுன் என்னும் பழைய நகரின் நடுப்பகுதி இது. மாலை 6 மணிக்குப் பிறகு பழைய கடைவீடுகளின் முன் வண்டிகள் வந்து சேரும். இறைச்சி மடித்த மாவுப் பொதிகளுடன் தரும் வந்தான் மீ, கறி மீ, லோக் லோக், மடித்துத் தரும் அப்போம் ஆகியவை இங்குள்ள முதன்மை உணவுகள். லோக் லோக் என்பது குச்சியில் குத்திய மீன் உருண்டை, காளான், காடை முட்டை போன்றவற்றைக் கொதிக்கும் நீரில் நாமே முக்கி எடுத்து, கடலைச் சாந்தில் தோய்த்து உண்பது; குச்சியின் நிறத்தைக் கொண்டு விலையைக் கணக்கிடுவார்கள். நண்பர்கள் வட்டமாக நின்று பேசிக்கொண்டே உண்பதற்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை, ஆனால் எல்லாக் குச்சிகளும் ஒரே நீரில் வேகின்றன என்பதைச் சைவ நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அப்போமைப் பற்றி ஒரு சொல். நம் ஆப்பம் கடல் கடந்து வந்து ஒலி மாறிய பெயர் அது. பினாங்கு அப்போம் மெல்லியது, ஓரம் மொறுமொறுப்பானது, நடுவில் இனிப்புக் கூடியது. இடியாப்பமும் இதேபோல் புட்டு மாயம் என்ற பெயருடன், தேங்காய்த்துருவலும் பழுப்புச் சர்க்கரையும் துணையாக, இந்நாட்டில் எல்லா இனத்தாரும் உண்ணும் உணவாகிவிட்டது. என் சீன நண்பர் சிறுவயதில் புட்டு மாயத்தைச் சீனர் உணவு என்றே நினைத்திருந்தாராம். அவருடைய பாட்டி ஒவ்வொரு வாரமும் அதை வாங்கித் தருவாராம்.

நடந்துகொண்டே உண்ண விரும்புகிறவர்களுக்குச் சூலியா தெரு சிறந்தது. ஆறு பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைப்பது கடினம் என்பது அதன் முதற்குறை. வந்தான் மீயில் பன்றியிறைச்சி, கறி மீயில் பல இடங்களில் உறைந்த பன்றி இரத்தம் என்பதால் முஸ்லிம் நண்பர்களுக்கு வண்டிகளில் தேர்வும் குறைவு. ஆயினும் நியூ லேனுக்கு இல்லாத ஒரு வசதி இத்தெருவுக்கு உண்டு: சில நிமிட நடையில் நாசி கண்டார் கடைகள் இருக்கின்றன. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் காவடிபோல் கழியைச் சுமந்து, ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் கறிகளையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றதால் வந்த பெயர் அது. கண்டார் என்னும் மலாய்ச் சொல் அந்தத் தோட்கழியையே குறிக்கிறது. பல கறிகளின் குழம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றி வாங்குவதே அங்கு வழக்கம். ஆகவே கூட்டம் இரண்டாகப் பிரிந்து உண்டு, அரை மணி நேரம் கழித்து மீண்டும் சேர்வதில் யாருக்கும் வருத்தமில்லை என்றால், சூலியா தெரு நல்ல முடிவு.

மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையராக இருந்து 1951-இல் சுட்டுக்கொல்லப்பட்ட ஹென்றி கர்னியின் பெயர் தாங்கியது கர்னி டிரைவ். உள்ளூர்க்காரர்கள் பலர் இங்கே வருவதைத் தவிர்க்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான இடம் என்றும், விலை கூடுதல் என்றும், சுவை சற்றுக் குறைவு என்றும் சொல்வார்கள். முதலிரண்டும் உண்மை. மூன்றாவது, சார் குவே தியாவ் போன்ற தீயின் கலையைப் பொறுத்தவரை ஓரளவுக்கு உண்மை. பசெம்பூருக்கும் அசாம் லக்சாவுக்கும் சத்தேக்கும் அது பொருந்தாது என்பேன். எங்களைப் போன்ற கூட்டத்துக்கு முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று. ஹலால் கடைகளும் ஹலால் அல்லாத கடைகளும் ஒரே வளாகத்தில் தனித்தனிப் பகுதிகளாக இங்கே அமைந்திருக்கின்றன. ஹலால் பகுதியில் மேசை பிடித்துவிட்டால் ஆறு பேரும் ஒரே தட்டிலிருந்து எடுத்து உண்ணலாம்; பன்றியிறைச்சி வேண்டுகிறவர்கள் சற்று நேரம் அடுத்த பகுதிக்குப் போய் உண்டுவிட்டு வரலாம். அந்த உணவை இந்த மேசைக்குக் கொண்டுவராமல் இருப்பது மரியாதை.

பசெம்பூரைத்தான் இந்த இடத்தின் முதல் உணவாக நான் சொல்வேன். தமிழ் முஸ்லிம்கள் பினாங்கில் வளர்த்தெடுத்த கலவை அது. வெள்ளரிக்காயும் செங்குவாங் கிழங்கும் மெல்லிய துருவலாக அடியில் இருக்கும். பொரித்த சோயாக் கட்டி, உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, இறால் வடை, நண்டு, கணவாய் ஆகியவற்றில் நாம் காட்டியவற்றை வெட்டி மேலே பரப்பி, சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நிலக்கடலையும் மிளகாயும் சேர்ந்த கெட்டியான செங்குழம்பை ஊற்றித் தருவார்கள். பகிர்ந்து உண்பதற்கென்றே உருவானதுபோல் இருக்கும். ஆறு குச்சிகளுடன் ஒரு பெரிய தட்டு போதும். கடல் உணவில்லாமல் கிழங்கும் சோயாக் கட்டியும் காயும் மட்டும் தனித்தட்டில் கேட்டால் சைவ நண்பருக்கும் தருவார்கள், குழம்பில் இறால் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். விலை துண்டுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. ஒருமுறை ஒரு கடையில் விலை கேட்காமல் ஆசைப்பட்டதையெல்லாம் எடுத்து வைத்து, இரவுச் செலவில் பாதியை அந்த ஒரு தட்டுக்கே கொடுத்தோம். நண்டையும் பெரிய இறாலையும் தொடுவதற்கு முன் விலையைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அசாம் லக்சாவில் தேங்காய்ப்பால் இல்லை. நம் நாக்கு உடனே அடையாளம் கண்டுகொள்ளும் புளிப்பு அதில் உண்டு. கெம்போங் எனப்படும் கானாங்கெளுத்தியை அவித்து உதிர்த்து, குடம்புளிக்கு உறவான அசாம் கெலுகோரின் காய்ந்த துண்டுகளைப் போட்டுக் கொதிக்கவைத்த சாறு அது. அன்னாசி, வெள்ளரி, புதினா, புங்கா கந்தான் பூ ஆகியவற்றைத் தூவி, ஒரு கரண்டி ஹே கோவுடன் தருவார்கள். மீன் குழம்பு உண்டு வளர்ந்தவர்களுக்கு முதல் வாயிலேயே பிடித்துப்போகும். சைவ நண்பருக்குப் பனித்துருவல் இனிப்புகளான சென்டோலும் ஐஸ் காச்சாங்கும், வேர்க்கடலை தூவிய முவாச்சி என்னும் பசையரிசி மாவு இனிப்பும் உண்டு. இறாலும் கணவாயும் முட்டையும் இல்லாமல், வறுத்த மீயான மீ கோரேங் கேட்டாலும் பெரும்பாலும் செய்து தருவார்கள். முழு இரவு உணவுக்கு இது போதுமா என்றால் போதும், ஆனால் விருந்தன்று. ஜாதிக்காய்ச் சாறு பினாங்கின் தனிச்சொத்து. எங்கே உண்டாலும் அதில் ஒரு குவளை வாங்குங்கள்.

பசார் மாலாமின் இயல்பு முற்றிலும் வேறு. ஒரு குடியிருப்புப் பகுதியில் குறித்த நாளில் மட்டும் கூடும். மேசையில்லை, தட்டில்லை, எல்லாம் பையிலும் காகிதத்திலும் கட்டிக் கொடுக்கப்படும். உட்கார்ந்து பேச வந்த நண்பர்களுக்கு அது பெரிய குறை. எனினும் எங்கள் சைவ நண்பரின் வாக்கு எப்போதும் பசார் மாலாமுக்குத்தான், அதில் நியாயமும் இருக்கிறது: சுடச்சுடப் பருப்பு வடை, புட்டு மாயம், வேர்க்கடலையும் சோளமும் வைத்து மடித்த அப்பாம் பாலிக், அவித்த சோளம், கரும்புச் சாறு என்று அவர் நடந்துகொண்டே வயிறு நிறைய உண்கிறார். முஸ்லிம் நண்பர்களுக்கும் சத்தே, இறைச்சி திணித்த ரொட்டியான முர்தபாக், சுட்ட மீன் என்று தட்டுப்பாடே இல்லை. செலவும் நான்கில் இதுவே குறைவு. மூன்று நான்கு மணி நேரம் நிற்கவும் நடக்கவும் முடிகிற இளையவர்களாக இருந்திருந்தால் நான் இதையே முதலில் வைத்திருப்பேன். எங்களில் இருவருக்கு இப்போது முழங்கால் வலி.

மழையையும் நாட்காட்டியையும் கணக்கில் எடுக்க வேண்டும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பினாங்கில் மழை அதிகம். திறந்த தெருவில் மேசை போடும் நியூ லேன் அப்போது முதலில் பாதிக்கப்படும். சூலியா தெருவில் கடைவீடுகளின் கூரையுள்ள ஐந்தடி நடைவழியில் ஒதுங்கலாம். ஆனால் அதே பருவத்தில், சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாத முதல் ஒன்பது நாள்களில், ஒன்பது பேரரசர் தெய்வங்களின் விழா நடைபெறுகிறது. அந்த நாள்களில் பினாங்கின் தெருக்களில் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் ஏராளமாக முளைக்கின்றன. வழக்கமாகச் சைவர்கள் எட்ட நின்று பார்க்கும் சார் குவே தியாவும் லக்சாவும்கூடச் சைவமாகக் கிடைக்கும். சைவ நண்பர்கள் கூடுதலாக உள்ள கூட்டம் மழையைப் பொறுத்துக்கொண்டு இந்த ஒன்பது நாள்களுக்குள் வருமானால், நான் மேலே சொன்ன வரிசை மாறிவிடும். அப்போது நியூ லேனையும் சூலியா தெருவையும் சுற்றியுள்ள பழைய நகரமே முதலிடம் பெறும்.

இன்னொரு சிறு செய்தி. கோப்பிக் கடையின் மேசையில் உட்கார்ந்து வெளியிலுள்ள வண்டிகளில் உணவு வாங்கினால், பானத்தை அந்தக் கடையிலேயே வாங்க வேண்டும். வாங்காதவர்களுக்குச் சில இடங்களில் தலைக்கு ஒரு சிறு தொகை உண்டு. உணவு மேசைக்கு வந்ததும் அந்தந்த வண்டிக்காரரிடமே பணம் கொடுப்பது வழக்கம் என்பதால், எல்லோருக்கும் பொதுவான சில்லறைப் பையை ஒருவர் வைத்துக்கொண்டால் கணக்கு எளிதாகும்.

வரும் டிசம்பருக்கு நாங்கள் கர்னி டிரைவைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். சீன நண்பருக்கு இதில் முழு உடன்பாடில்லை. அவருக்காக உணவு முடிந்ததும் நாங்கள் இருவர் அவருடன் வண்டி பிடித்து நியூ லேனுக்குச் சென்று, மூவருக்கும் ஒரே ஒரு தட்டு சார் குவே தியாவ் வாங்குவதாக ஒப்புக்கொண்டோம். மாலை 6 மணிக்கே போய் ஹலால் பகுதியில் மேசை பிடிக்கும் பொறுப்பு என்னுடையது. சைவ நண்பரின் தட்டு மேசைக்கு வந்த பிறகே மற்றவர்கள் வரிசையில் நிற்கப் போவார்கள் என்றும் பேசி முடித்திருக்கிறோம்.